ராட்டையைப் பார்க்காமலே ராட்டையைப் பற்றி எழுதியவர்... காந்தி நூல் நூற்கக் கற்றுக்கொண்ட கதை!

காந்தியை வரையச் சொன்னால் பள்ளிக் குழந்தைகூட நாலே கோட்டில் முடித்துவிடும். வட்டக் கண்ணாடி, கைத்தடி, முழங்காலுக்கு மேல் நிற்கும் வேட்டி, பக்கத்தில் ஒரு ராட்டை. ராட்டை ஏதோ அவர் கூடவே பிறந்தது மாதிரிதான் நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது.

ஆனால் உண்மை வேறு. 45 வயது தாண்டும் வரை அவர் ராட்டையைத் தொட்டதே இல்லை. தறி எது, ராட்டை எது என்றுகூட அவருக்கு ஒரு காலத்தில் தெரியாது. கிட்டத்தட்ட 49 வயதில், உடம்பு சரியில்லாமல் இருந்த நாட்களில், ஏறக்குறைய அ, ஆ-விலிருந்து ஆரம்பித்துத்தான் நூற்கக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு சுமார் 30 வருடம், ஜெயில், ரயில், கப்பல், லண்டன் என்று எங்கே இருந்தாலும் விடவில்லை.

அரசியல் தலைவர் காந்தியைப் பற்றி நிறையப் படித்திருப்போம். தினமும் உட்கார்ந்து பஞ்சை நூலாக்கிய காந்தியைப் பற்றி இங்கே பார்ப்போம். அதோடு, அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்த ஒரு கேள்வியையும்: மில் இருக்கும்போது கையால் எதற்கு நூற்க வேண்டும்?

கப்பலில் எழுதிய புத்தகம்

1909, நவம்பர். லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் காந்தி. கப்பலின் பெயர் கில்டோனன் காசில். பத்தே நாளில் 'ஹிந்த் ஸ்வராஜ்' என்ற சிறிய புத்தகத்தைக் குஜராத்தியில் எழுதி முடித்தார். வலது கை வலித்தால் இடது கைக்கு மாறி எழுதினார். கையெழுத்துப் பிரதியின் 275 பக்கங்களில் சுமார் 40 பக்கம் இடது கையால் எழுதியது.

இந்தியா தன் பழைய கைத்தொழிலுக்குத் திரும்ப வேண்டும் என்பது அந்தப் புத்தகம் சொன்ன விஷயங்களில் ஒன்று. அதில் கைத்தறியைப் பற்றிப் பேசுகிறார். அந்த நேரத்தில் தறியையோ ராட்டையையோ நேரில் பார்த்த ஞாபகமே தனக்கு இல்லை என்று பிற்பாடு சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார். ராட்டை என்று சொல்ல வேண்டிய இடத்தில் தறி என்று சொல்லிவிட்டதையும் மறைக்கவில்லை.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? சிம்பிளாகச் சொன்னால், ராட்டை பஞ்சை நூலாக்கும். தறி நூலைத் துணியாக்கும். ராட்டை இல்லாமல் தறி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த சில வருடங்களில் அவர் அனுபவித்தே தெரிந்துகொண்டார்.

தறி வந்தது, நூல் எங்கே?

1915-ல் இந்தியா திரும்பிய காந்தி, அகமதாபாத்தை ஒட்டிய கோச்ரப்பில் ஆசிரமம் தொடங்கினார். இரண்டு வருடத்தில் அது சபர்மதி நதிக்கரைக்கு மாறியது. ஆசிரமத்தில் இருப்பவர்கள் தங்கள் துணியைத் தாங்களே நெய்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். சில தறிகளை வாங்கிப் போட்டார்கள்.

தறி வந்துவிட்டது, ஓட்டத்தான் ஆள் இல்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாம் படித்தவர்கள், வியாபாரக் குடும்பத்துக்காரர்கள். பாலன்பூரிலிருந்து ஒரு நெசவாளரை வரவழைத்துக் கற்றுக்கொண்டார்கள். காந்தியின் உறவினரான மகன்லால் காந்திக்கு இயந்திர வேலையில் கை நன்றாக ஓடும். அவர்தான் முதலில் பிடித்துக்கொண்டார், பிறகு மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

ஆனால் நெய்வதற்கான நூல் மில்லிலிருந்துதான் வந்தது. மில்கள் நல்ல நூலைத் தங்கள் தறிகளுக்கே வைத்துக்கொண்டன. கைத்தறிக்காரர்கள் மில் நூலைத்தான் நம்பியிருந்தார்கள். துணியைக் கையால் நெய்தாலும் குடுமி மில்லின் கையில் என்பது காந்திக்குப் புரிந்தது. நூலையும் கையால் நூற்றால்தான் கதை முழுமையாகும். அதற்கு ராட்டை வேண்டும். அது எங்கே கிடைக்கும், யாருக்கு ஓட்டத் தெரியும்? ஆசிரமத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பரணிலிருந்து இறங்கிய ராட்டை

1917-ல் பரூச் நகரில் ஒரு கல்வி மாநாடு. அங்கே கங்காபென் மஜும்தார் என்ற பெண்ணைக் காந்தி சந்தித்தார். கணவரை இழந்தவர், துணிச்சல்காரர். குதிரை ஏறிக்கூட ஊர் ஊராகப் போய்வரக்கூடியவர். ராட்டை தேடும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டார்.

குஜராத் முழுக்க அலைந்த கங்காபென்னுக்கு, பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த விஜாபூரில் ராட்டை கிடைத்தது. நிறைய வீடுகளில் இருந்தது. எங்கே? பரண் மேல், வேண்டாத சாமான்களோடு. அந்த வீட்டுப் பெண்களுக்கு நூற்கத் தெரியும். பஞ்சுத் திரியைத் தொடர்ந்து கொடுத்து, நூற்ற நூலை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் மறுபடி நூற்கத் தயார் என்றார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ராட்டை அழிந்துபோகவில்லை, கை வேலையும் மறந்துபோகவில்லை. வாங்க ஆள் இல்லாமல்தான் அது பரணுக்குப் போனது. காந்தியின் வாழ்நாள் முழுக்க இந்தச் சிக்கல் பின்தொடர்ந்து வரும்.

முதலில் பம்பாயில் உமர் சோபானி என்ற மில் முதலாளி தன் மில்லிலிருந்தே பஞ்சுத் திரி அனுப்பினார். நூல் வந்து குவிந்தது. ஆனால் காந்திக்கு உறுத்தியது. மில் திரியில் நூற்கலாம் என்றால், மில் நூலையே வாங்கிவிடலாமே? திரியும் கையாலேயே ஆக வேண்டும் என்றார். கங்காபென் பஞ்சு அடிப்பவர் ஒருவரை மாதம் 35 ரூபாய்க்கு அமர்த்தினார். சில இளைஞர்களுக்குத் திரி செய்யப் பழக்கினார். விஜாபூர் நூல் சீக்கிரமே பேர் வாங்கியது.

நோயாளி கற்றுக்கொண்ட கைவேலை

1918-ல் காந்தி கடுமையான வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். பிழைப்பாரா என்றே சந்தேகம். தேறுவதற்குப் பல மாதங்கள் பிடித்தன. அந்த நாட்களில் பம்பாயில் தங்கியிருந்தபோதுதான் ராட்டை அவர் அறைக்குள்ளேயே வந்தது. அதன் ரீங்காரம் தன் உடம்பு தேறுவதற்கு உதவியது என்று எழுதியிருக்கிறார். உடம்பைவிட மனதுக்குத்தான் அது மருந்தாக இருந்திருக்கும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

பம்பாயில் அவர் வழக்கமாகத் தங்கும் வீடு மணி பவன். அந்தத் தெரு வழியாகத் தினமும் போகும் பஞ்சு அடிப்பவரிடம்தான் பஞ்சு அடிப்பதன் முதல் பாடத்தைக் கற்றார். தென்னாப்பிரிக்க அரசையே எதிர்த்து நின்றவர் தெருவில் போகிற ஒரு தொழிலாளியிடம் வில் பிடிக்கப் பழகினார்.

நூற்பது பார்க்க ஈஸி. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். வலது கை சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்திலிருந்து போகும் கயிறு கதிரை அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழற்றும். இடது கையில் பஞ்சுத் திரி. கதிரின் முனையிலிருந்து அதைச் சீராகப் பின்னால் இழுக்க வேண்டும். இழுக்கும்போது பஞ்சு இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நூலாகும். கொஞ்சம் வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். மெதுவாக இழுத்தால் முறுக்கேறிச் சுருண்டுகொள்ளும். ரெண்டு கையும் வெவ்வேறு வேலையை ஒரே தாளத்தில் செய்ய வேண்டும். பைக் ஓட்டக் கற்ற முதல் வாரத்தில் கிளட்சும் ஆக்ஸிலேட்டரும் படுத்திய பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கதைதான்.

இதில் பருத்திக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கம்பளி இழை நீளமானது, பிடிமானம் கிடைக்கும். பருத்தி இழை ரொம்பக் குட்டை. நிறைய முறுக்கு வேண்டும், அதுவும் வேகமாக. அதனால்தான் நம் ஊர் ராட்டையில் பெரிய சக்கரமும் மெல்லிய கதிரும் இருக்கின்றன.

ஒரு கஜம் 17 அணா

ஆசிரமத்தில் தயாரான முதல் கதர்த் துணி கஜம் 17 அணா விழுந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கில், அந்தக் காலத்தில் ஒரு கஜத்துக்கு ஒரு ரூபாய்க்கும் மேல். காந்தி கூச்சப்படாமல் நண்பர்களிடம் அந்த விலைக்கே விற்றார்; அவர்களும் வாங்கினார்கள்.

தன் உடைக்கே அவசரமாகக் கதர் தேவைப்பட்டது. ஆசிரமத்தில் நெய்யும் துணி 30 அங்குல அகலம்தான். ஒரு மாதத்துக்குள் 45 அங்குல அகல வேட்டி வராவிட்டால் குட்டைத் துணியையே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று கங்காபென்னுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் கெடு தாண்டாமல் 50 அங்குல வேட்டி இரண்டு அனுப்பிவைத்தார்.

ஆனால் கதர் வாங்க எல்லோருக்கும் வசதி வேண்டுமே? 1921-ல் அந்நியத் துணி பகிஷ்காரம் உச்சத்தில் இருந்தது. பம்பாயில் ஜூலை 31 அன்று வெளிநாட்டுத் துணிகள் மலை போல் குவித்துக் கொளுத்தப்பட்டன. போட்டிருப்பதைக் கொளுத்திவிட்டால் ஏழைகள் எதைக் கட்டுவார்கள்? கதரின் விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகாதே என்ற கேள்வி அவர் போன இடமெல்லாம் வந்தது.

அதற்கான பதிலை அவர் எடுத்த இடம் நம்ம மதுரை. 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி வீட்டில், சட்டையையும் நீள வேட்டியையும் விட்டுவிட்டு முழ வேட்டிக்கு மாறினார். வாங்க முடியாதவர்கள் குறைந்த துணியோடு சமாளிக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் நான் செய்கிறேன் என்பதுதான் அதன் பொருள். கொஞ்ச காலத்துக்கு என்று தொடங்கியது கடைசி வரை நிலைத்துவிட்டது.

தினமும் அரை மணி நேரம்

நூற்பது காந்திக்குத் தொழில் இல்லை. அதில் அவர் சம்பாதிக்கவும் இல்லை. பிரார்த்தனை, நடை, கடிதம் எழுதுவது மாதிரி அன்றாட வேலைகளில் ஒன்று. நூற்காமல் ஒரு நாள் கழிவதை அவர் விரும்பவில்லை. யாராவது பார்க்க வந்தால், பேசிக்கொண்டே நூற்பார். திங்கட்கிழமை மௌன விரதம். வாய்க்குத்தான் ஓய்வு, கைக்கு இல்லை.

பயணங்களில் தக்கிளி கைகொடுத்தது. பம்பரம் மாதிரி ஒரு சின்னக் கருவி. விரலால் சுழற்றிவிட்டாலே போதும். பையில் போட்டுக்கொண்டு எங்கும் போகலாம்.

நூற்று முடித்தால் வேலை முடிந்துவிடாது. நூலைச் சிட்டமாகச் சுற்ற வேண்டும், அளக்க வேண்டும், கவுண்ட் பார்க்க வேண்டும். திருப்பூர், ஈரோட்டுக்காரர்களுக்குக் கவுண்ட் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் கவுண்ட். 20 கவுண்ட் என்றால் ஒரு பவுண்டில் 16,800 கஜம் நூல் இருக்கிறது. கவுண்ட் கூடக்கூட நூல் மெல்லிசு, நூற்பவரின் கையும் தேர்ந்தது.

மகன்லால் இதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தார். 1924-ல் 'சர்க்கா சாஸ்திர' என்ற கையேட்டை எழுதினார். நாடு முழுவதிலும் இருந்து வரும் சிட்டங்களைத் தரம் பார்த்து அறிக்கை தந்தார். 1928-ல் அவர் இறந்தபோது காந்திக்கு வலது கையே போன மாதிரி ஆனது.

கட்டாயமாக்கிப் பார்த்தார்... எடுபடவில்லை

தனக்குப் பிடித்துப்போன ஒன்றை எல்லோரும் செய்ய வேண்டும் என்று நினைப்பது மனித சுபாவம். காந்தி அதைக் கட்சி விதியாகவே ஆக்கினார். 1924 டிசம்பரில் பெல்காம் காங்கிரஸுக்கு அவர்தான் தலைவர். காங்கிரஸ் உறுப்பினர் என்றால் மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும் என்று அங்கே முடிவானது. முடியாதவர்கள் வேறொருவர் நூற்றதை வாங்கியும் தரலாம்.

2,000 கஜம் என்பது எவ்வளவு? நீளம் கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர். 20 கவுண்ட் நூலாக இருந்தால் எடை 54 கிராம்தான். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மாதம் 15 மணி நேரம். மணிக்கு 130 கஜத்துக்கு மேல் நூற்றால் போதும். பழகிய கைக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் வக்கீல்களும் பத்திரிகை ஆசிரியர்களும் ராட்டை முன் உட்காரத் தயாராக இல்லை. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1925 செப்டம்பரில் பாட்னாவில் விதி தளர்ந்தது. வருடத்துக்கு 4 அணா சந்தா அல்லது சொந்தமாக நூற்ற 2,000 கஜம் நூல், எது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. அதே கூட்டத்தில்தான் கதர் வேலைக்கென்று அகில இந்திய நூற்போர் சங்கம் பிறந்தது.

அதே வருடம் ராஜாஜி திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். பஞ்சத்தில் அடிபட்ட சுற்றுவட்டார கிராமங்களில் ராட்டை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. திருப்பூர் தமிழ்நாட்டுக் கதரின் பெரிய மையமானது.

தாகூர் கேட்ட கேள்வி

காந்தியின் ராட்டையை வலுவாக விமர்சித்தவர் எதிரி இல்லை, நெருங்கிய நண்பர். ரவீந்திரநாத் தாகூர் 1921-லும் 1925-லும் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: கோடிக்கணக்கான மனிதர்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது மனதை மழுங்கடிக்கும். தலைவர் சொன்னார் என்று கேள்வி கேட்காமல் சுற்றுவது சுதந்திரம் ஆகாது. ஒரு நாட்டின் வறுமையை ஒரு சக்கரத்தால் தீர்த்துவிட முடியும் என்பது ரொம்ப எளிமையான நம்பிக்கை.

காந்தி பதில் எழுதினார். கவிஞர் கவிதையை விட வேண்டாம், வக்கீல் வழக்கை விட வேண்டாம்; தினம் அரை மணி நேரம் மட்டும் கேட்கிறேன் என்பது அவர் தரப்பு. விவசாயி வருடத்தில் பல மாதங்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய, பெரிய முதல் தேவைப்படாத வேறு வேலை இருந்தால் காட்டுங்கள், ராட்டையை விட்டுவிடுகிறேன் என்றார். இருவருக்கும் நட்பு முறியவில்லை; கருத்து வேறுபாடும் தீரவில்லை.

ஜெயிலும் ஒரு பெட்டியும்

1922-ல் ஆறு வருடத் தண்டனையோடு யெரவாடா சிறைக்குப் போனார் காந்தி. அங்கே படிப்பு, பஞ்சு அடிப்பது, நூற்பது என்று நாளைப் பங்கு பிரித்துக்கொண்டார். குடல்வால் ஆபரேஷனுக்குப் பிறகு 1924-ல் விடுதலை.

உப்பு சத்தியாகிரகத்துக்குப் பிறகு 1930-ல் மறுபடியும் அதே சிறை. இந்த முறை அவர் கவனம் ராட்டையின் வடிவமைப்பில். வீட்டு ராட்டை பெரியது. தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு பெரிய சக்கரத்துக்குப் பதில் சின்னதாக இரண்டு சக்கரம், அவற்றை இணைக்க ஒரு கயிறு. முதல் சக்கரம் இரண்டாவதைச் சுற்றும், இரண்டாவது கதிரைச் சுற்றும். வேகம் இரண்டு படியாக ஏறும். மடக்கினால் எல்லாம் சூட்கேஸ் அளவு பெட்டிக்குள் அடங்கிவிடும். இதுதான் பெட்டி ராட்டை. யெரவாடா ராட்டை என்றும் சொல்வார்கள்.

இன்றைக்கும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொழுதுபோக்காக நூல் நூற்று ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள், பருத்தி நூற்க வேண்டும் என்றால் தேடுவது இந்தப் பெட்டி ராட்டையையும் அதைவிடச் சின்னப் புத்தக ராட்டையையும்தான். காந்தி யெரவாடாவில் பயன்படுத்தி, ஃபிளாய்ட் பஃபர் என்ற அமெரிக்கப் பாதிரியாருக்குக் கொடுத்த ராட்டை 2013-ல் இங்கிலாந்தில் 1,10,000 பவுண்டுக்கு ஏலம் போனது.

1932-ல் மீண்டும் அதே சிறை. இப்போது இடது முழங்கை வலி. நூலை இழுக்கும் கை அது. கைக்கு ஓய்வு வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். காந்தி நிறுத்தவில்லை, கருவியை மாற்றினார். காலால் மிதித்து ஓட்டும் மகன் ராட்டையில் புதிதாகப் பழகினார். பிரபுதாஸ் காந்தி உருவாக்கி, இறந்துபோன மகன்லால் பெயரை வைத்த ராட்டை அது. 60 வயதைத் தாண்டியவர் மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்.

ஒரு லட்சம் ரூபாய் பரிசு

காந்தி இயந்திரத்துக்கே எதிரி என்று பொதுவாக ஒரு பேச்சு உண்டு. 1929-ல் நூற்போர் சங்கம் அறிவித்த போட்டி வேறு கதை சொல்கிறது. நல்ல ராட்டை ஒன்றைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு. அந்தக் காலத்து ஒரு லட்சம்!

கண்டிஷன்கள் கறார். கையாலோ காலாலோ ஓட்ட வேண்டும். ஒரு கிராமத்துப் பெண் களைப்பில்லாமல் 8 மணி நேரம் வேலை செய்ய முடிய வேண்டும். அந்த 8 மணி நேரத்தில் 12 முதல் 20 கவுண்ட் வரை 16,000 கஜம் நூல் வர வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 20 வருடம் உழைக்க வேண்டும்.

அதாவது காங்கிரஸ்காரர் ஒருவர் மாதம் முழுக்க நூற்கும் 2,000 கஜம் ஒரே மணி நேரத்தில் வர வேண்டும். பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. காந்தி மறைந்த பிறகுதான், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்களோடு ஒரு ராட்டையை உருவாக்கினார். அதுதான் பிற்பாடு கதர் மையங்களில் பரவிய அம்பர் சர்க்கா.

மில்காரர்களைத் தேடிப்போனார்

1931-ல் வட்டமேசை மாநாட்டுக்காகக் காந்தி லண்டன் போனார். நட்சத்திர ஓட்டல் வேண்டாம் என்று கிழக்கு லண்டனின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். அங்கேயும் ராட்டை.

செப்டம்பர் கடைசியில் லங்காஷயருக்குப் போனார். மான்செஸ்டரைச் சுற்றிய அந்தப் பகுதி முழுக்கத் துணி மில்கள். இந்தியப் பகிஷ்காரத்தால் அடி வாங்கிய மில்களும் அதில் உண்டு, வேலை இழந்த தொழிலாளர்கள் ஏராளம். அவர்களின் பிழைப்பில் கைவைத்தவராகக் கருதப்பட்டவர் அவர்கள் ஊருக்கே போய் நின்றார். வருத்தம் தெரிவித்தார், ஆனால் பகிஷ்காரத்தைக் கைவிடுவதாகச் சொல்லவில்லை. இந்தியக் கிராமங்களின் வறுமையை எடுத்துச் சொன்னார். டார்வென் மில் பெண்கள் அவரைச் சுற்றி நின்று உற்சாகமாகக் கையசைக்கும் போட்டோவை இன்றும் பார்க்கலாம்.

அரை மணி நேரமும் எட்டு மணி நேரமும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். காந்தி நூற்றது மன நிறைவுக்காக, கொள்கைக்காக. ஆனால் நூற்போர் சங்கத்துக்கு நூல் கொடுத்த பெண்கள் நூற்றது சோற்றுக்காக. அவர் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அவர்கள் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் கிடைத்த கூலி ரொம்ப ரொம்பக் குறைவு. கூலியை ஏற்றினால் கதர் விலை ஏறும், வாங்க ஆள் குறையும். அதனால் சங்கமே கூலியைக் குறைவாக வைத்திருந்தது. ஏழைகளுக்கான வேலைத்திட்டம் ஏழைகளின் வயிற்றில் அடித்து ஓடிக்கொண்டிருந்தது.

1935-ல் காந்தி இதைக் கையில் எடுத்தார். ஒரு மணி நேர நூற்புக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது அவர் கைக்கே தெரியும். எட்டு மணி நேர வேலைக்கு எட்டு அணா கொடுக்க வேண்டும் என்பது அவர் மனதில் இருந்த கணக்கு. சங்கத்துக்காரர்கள் தயங்கினார்கள். கதர் விற்பனையே படுத்துவிடும் என்று பயந்தார்கள். எட்டு அணா வரவில்லை. ஆனால் கூலி உயர்ந்தது. நூற்பவருக்குக் குறைந்தபட்ச உணவுக்கும் துணிக்கும் போதுமான கூலி தர வேண்டும் என்பதைச் சங்கம் கொள்கையாக ஏற்றுத் தீர்மானம் போட்டது.

இருந்தும் சிக்கல் தீரவில்லை. 1944-45-ல் காந்தி தன் கதர் இயக்கத்தையே திருப்பிப் பார்த்தார். கடையில் விற்பதற்காக நூற்பது தவறான பாதை. கிராமத்துக்காரர் தன் வீட்டுத் தேவைக்கு நூற்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். கதர் வாங்க வருகிறவர்கள் விலையில் ஒரு சிறு பகுதியை நூலாகத் தர வேண்டும் என்று விதிகூட வந்தது. நகரத்து வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தாகூரின் கேள்வியை இங்கே திரும்ப நினைத்துப் பார்க்கலாம். நாட்டின் வறுமையை ராட்டை ஒழிக்கவில்லை. அந்த அளவில் கவிஞர் சொன்னதுதான் நடந்தது. ஆனால் தினமும் ஒரே அசைவைச் செய்தால் மனம் மழுங்கிப்போகும் என்ற பாதி, குறைந்தபட்சம் காந்தி விஷயத்தில், பலிக்கவில்லை. கருவியை மாற்றினார், விதியை மாற்றினார், கூலியைக் கேள்வி கேட்டார், கடைசியில் தன் திட்டத்தையே கேள்வி கேட்டார். இத்தனைக்கும் ராட்டை முன்னால் உட்காருவதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த நூல் எங்கெல்லாம் போனது?

1944 பிப்ரவரி 22. புனே ஆகா கான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா இறந்தார். 60 வருடத்துக்கும் மேல் நீண்ட திருமண வாழ்க்கை. கணவர் நூற்ற நூலில் நெய்த புடவையை உடுத்தித்தான் அவரைத் தகனம் செய்தார்கள். காந்தியின் கையிலிருந்து போன நூலில் இதைவிடக் கனமான நூல் வேறு இருந்திருக்காது.

1946-ல் புகழ்பெற்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் மார்கரெட் போர்க்-ஒயிட் காந்தியைப் படமெடுக்கப் புனே வந்தார். முதலில் நூற்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு படமெடுக்கலாம் என்றார்கள் உதவியாளர்கள். அன்று மௌன நாள் வேறு. மூன்றே மூன்று ஃபிளாஷ் பல்பு பயன்படுத்த அனுமதி. முதல் இரண்டும் சொதப்பின. மூன்றாவது சரியாக விழுந்தது. ராட்டைக்குப் பின்னால் காந்தி உட்கார்ந்து படிக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம், உலகமே பார்த்த படம்.

1947 ஜூலையில் தேசியக் கொடியின் நடுவில் ராட்டைக்குப் பதில் அசோகச் சக்கரம் வந்தது. காந்திக்கு அதில் மனக்குறை இருந்தது. கொடித் துணியாவது கதராகவே நீடித்தது. 2021 டிசம்பரில் விதி திருத்தப்பட்ட பிறகுதான் மில் துணியிலும் பாலியஸ்டரிலும் கொடி செய்ய அனுமதி கிடைத்தது.

அதே 1947 நவம்பரில் பிரிட்டிஷ் இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம். உடைமை எதுவும் இல்லாத தான் என்ன பரிசு கொடுப்பது என்று காந்திக்குத் தயக்கம். நீங்கள் நூற்ற நூலில் ஏதாவது செய்து கொடுங்கள் என்று மவுண்ட்பேட்டன் யோசனை சொன்னார். காந்தியின் நூலை வைத்து ஒரு பஞ்சாபிப் பெண் லேஸ் விரிப்பு ஒன்றைப் பின்னினார். நடுவில் 'ஜெய் ஹிந்த்' என்ற எழுத்து. லண்டனில் பரிசுகளைப் பார்வைக்கு வைத்தபோது, இளவரசியின் பாட்டி ராணி மேரி அதைக் காந்தியின் இடுப்புத் துணி என்று தப்பாக நினைத்து முகம் சுளித்தார் என்பது தனிக் கதை.

இரண்டு மாதம் கழித்து, 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த விரிப்பு அரண்மனையில் பத்திரமாக இருந்தது. 2018 ஏப்ரலில் லண்டன் போன பிரதமர் மோடியிடம் ராணி எலிசபெத் அதை எடுத்துக் காட்டினார். 78 வயதுக்காரர் ஒருவர் கையால் இழுத்த பருத்தி நூல், 70 வருடம் தாண்டியும் பின்னல் கலையாமல் இருந்தது.